கொழுந்தன் வாங்கிய வால்வுப் பெட்டி

எங்கள் மாடியில், கிதார் தொங்குகிற ஆணிக்குக் கீழே, ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. முன்பக்கம் நாலைந்து குமிழ், முள் ஆடுகிற ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் கம்பிவலை. வலைக்குள் கட்டைவிரல் தண்டிக்குக் கண்ணாடி வால்வுகள், பழைய ரேடியோவில் இருக்குமே, அதுபோல. சுவிட்சைப் போட்டதும் வேலை செய்யாது. அடுப்புக்கரி பற்றுவதுபோல மெதுவாகச் சிவந்து, சூடு ஏறி, அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அதெல்லாம் நல்லபடியாக வேலையை முடித்துவிட்டுச் செத்தவனுக்கு. இவனை நான் திட்டுவேன். கேட்க ஆள் இருந்தால் இன்னும் சத்தமாகத் திட்டுவேன்.

அவன் என் வீட்டுக்காரரின் தம்பி, எனக்குக் கொழுந்தன். நான் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். அண்ணன் போன பிறகும் என் கையால்தான் சாப்பிட்டான். பகலெல்லாம் தோல் பை செய்கிற கார்கானாவில் தோல் வெட்டுவான். சனி ஞாயிறு வந்தால் ஆர்கெஸ்ட்ரா. கல்யாணம், கோயில் கொடை, கணபதி பந்தல், எங்கே மேடை போட்டாலும் பின்வரிசையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் கிதாரோடு நிற்பான். கைதட்டல் எல்லாம் முன்னால் நிற்கிற பாட்டுக்காரர்களுக்கு. மாலையும் அவர்களுக்கு. இவனுக்கு ஒரு டீயும், கடைசி வண்டியில் ஒரு இடமும். அதைப்பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாதவனை எல்லோரும் நல்லவன் என்றார்கள். எனக்கு அப்போதே அந்த நல்லதனம் பிடிக்கவில்லை.

ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மாஸ்டர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, ஆபீஸ் வேலை பார்த்து, இப்போது செம்பூரில் இருக்கிறார். கீபோர்டு வாசிப்பார். அவருடைய கூட்டத்தில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் கிடையாது. கையில் இருக்கிற வாத்தியம்தான் பெயர். டோலக், பாஸ், டிரம்பெட் என்று கூப்பிடுவார். என் கொழுந்தன் கிட்டார். வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் நின்று, "கிட்டார் இருக்கானா அம்மா?" என்றுதான் கேட்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. மேடையில் மாஸ்டர் தலையை அசைக்கும்வரை யாரும் ஒரு கம்பியைத் தொடக்கூடாது. விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேடைக்கு அது சரி. இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் என் கொழுந்தன் அந்தப் பழக்கத்தை மேடையை விட்டு இறங்கும்போது அங்கேயே வைத்துவிட்டு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவனுக்கென்று சொந்தமாகப் பாட்டுகள் இருந்தன. அதை மாஸ்டரே பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். வார்த்தை இல்லாத பாட்டு, கிதாரில் மட்டும். கார்கானாவிலிருந்து வந்து கை கழுவிவிட்டு மாடியில் உட்கார்ந்து வாசிப்பான். நான் அப்போது இட்லி அவித்து, கூடையில் சுமந்து விற்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே என் கிரைண்டர் ஓடும், மேலே அவன் கிதார் ஓடும். ஒரு பாட்டுக்கு 'தண்ணி வார நேரம்' என்று பெயர் வைத்திருந்தான். குழாயில் முதலில் வெறும் காற்று இருமுமே, அதுபோலத் தொடங்கும். பிறகு சொட்டும். பிறகு திடீரென்று திறந்துகொண்டு பாயும். சந்தில் குடத்தோடு நின்றவர்களுக்குத்தான் அந்தப் பாய்ச்சல் என்ன என்று தெரியும். இன்னொன்று 'சைக்கிள் இட்லி'. இட்லிக்காரன் அடிக்கிற ரப்பர் ஹாரன் இருக்கிறதே, அந்த இரண்டு சத்தத்தை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வருவான். 'சயான் பாலம்' என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டால் ஏனென்று தெரியாமல் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். எத்தனையோ வருஷம் கேட்டதால் எனக்கு அவை பாடம். அரிசி கழுவும்போது என் வாயில் தானாக வரும்.

வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், பாட்டையெல்லாம் பதிவு செய்யப்போகிறானாம். இப்போதெல்லாம் பெரிய ஸ்டூடியோவுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பிடித்துவிடலாம், மாடியையே ஸ்டூடியோவாக மாற்றப்போகிறேன் என்றான். எனக்குச் சந்தோஷம். அன்றைக்கு ரசத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதற்கு ஒரு ப்ரீஆம்ப் வேண்டும் என்றான். கம்பியில் பிறக்கிற சத்தம் நோஞ்சான் பிள்ளை மாதிரி மெலிந்தது, அதைத் தேற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற பெட்டி அது என்று விளக்கினான். சரி, வாங்கு என்றேன். "வால்வு வச்சதுதான் வேணும் மதினி. சின்னப் பிள்ளையில நம்ம சால்ல, அந்த வரிசை வீட்டுல, ஒரு வால்வு ரேடியோ உண்டும்லா, அதுல பாட்டு வெந்து வரும். இப்பத்த மெசின்ல எல்லாம் அரைவேக்காடு" என்றான். இட்லிக்காரியிடம் வேகாததைப் பற்றிப் பேசினால் மறுக்கவா முடியும்? அதையே வாங்கு என்றேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. லாமிங்டன் ரோட்டுக் கடையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்கள். வால்வு தகதகவென்று எரிந்தது. வீட்டுக்கு வந்து விசாரித்தால், வால்வு எரியவில்லையாம், அடியில் ஒரு சின்ன பல்பை வைத்து எரிகிற மாதிரி காட்டுகிறார்களாம், வால்வுக்குப் போதுமான கரண்டே போகாதாம். அது போயிற்று. செம்பூரில் ஒருவன் பெட்டியே வேண்டாம், எல்லாப் பெட்டியின் சத்தமும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது என்றான். இவன் கிதாரை எடுத்துக்கொண்டு போய் அங்கே வாசித்துப் பார்த்தான். முகம் சுளித்துக்கொண்டு வந்தான். மாஹிமில் ஒருவனிடம் வெளிநாட்டுப் பெட்டி, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும், நம் கரண்டுக்கு ஒத்துவராது என்று அதற்கு அம்மிக்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர் தனியாக. அங்கே நானும் கூடப் போனேன். எங்கே போனாலும் 'தண்ணி வார நேரம்' பாட்டில்தான் தொடங்குவான், அந்தப் பாய்ச்சல் வருகிற இடத்தில் நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்பான். "எப்படி மதினி?" என்பான். எனக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்தது. ஒன்றில் மொத்தமாகக் கேட்டது, ஒன்றில் மெலிசாகக் கேட்டது. ஆனால் எல்லாவற்றிலும் தண்ணீர் வந்தது. அதைச் சொன்னேன். சிரித்தான். மதினிக்கு எல்லாமே இட்லிதான் என்று மாஹிம்காரனிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒவ்வொரு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்ததும் மாஸ்டருக்கு போன். அவரும் ஆசையாகக் கேட்பார். பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் போகவில்லை. "அவசரப்படாதே கிட்டார். ஒரு தரம் பதிஞ்சா அதுதான் நிக்கும். இன்னும் நல்லதா ஒண்ணு வரும், பாத்துக்கலாம்" என்பார். இவன் தலையாட்டுவான். போனில் பேசும்போதுகூடத் தலையாட்டுகிற ஆளை என்ன செய்வது? அந்த வருஷம் போயிற்று. அடுத்த வருஷமும் போயிற்று. போனில் வெள்ளைக்காரர்கள் பெட்டிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்து வாசித்துக் காட்டுகிற வீடியோக்களைக் காதில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கேட்பான். அவர்களுடைய கிதாரைக் கேட்டுக் கேட்டுத் தன் கிதாரை எடுப்பது குறைந்துபோனது. கம்பியில் துரு ஏறியதை நான்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே நான் இட்லி அவித்த அறையை இப்போது பை தைக்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நாள் முழுக்க தையல் மெஷின் ஓடும், தகரச் சுவர் அதிரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் பையன்கள் எல்லோரும் தொழுகைக்குப் போவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் வீடு கோயில் மாதிரி இருக்கும். பதிவு செய்வதென்றால் அதுதான் நேரம் என்று இவனே சொன்னான். வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு, கிதாருக்குச் சுருதி சேர்த்து, உட்கார்ந்திருப்பான். பெட்டி இல்லை. சுருதி சேர்த்தவன் சேர்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே மெஷின் ஓடத் தொடங்கியதும் கிதாரை ஆணியில் மாட்டுவான். பெண் பார்க்கிற மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு வெள்ளிக்கிழமை தேவைப்படாது என்று ஒரு நாள் சொல்லியே விட்டேன். அதற்கும் சிரித்தான்.

தேவ்நாரில் கட்டிக்கொடுத்த என் மகள் ஒரு தடவை வந்தபோது, அவன் 'சைக்கிள் இட்லி' வாசித்துக்கொண்டிருந்தான். அவள் ஓசைப்படாமல் போனை நீட்டிப் படம் பிடித்துவிட்டாள். முடிந்ததும் போட்டுக் காட்டினாள். அவன் கொஞ்சம் கேட்டான். முகம் மாறிவிட்டது.

"அழிச்சிரு தாயி" என்றான்.

"ஏன் சித்தப்பா, நல்லாத்தான இருக்கு?"

"தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. நாலு பேரு கேட்டா இவன் இவ்வளவுதானான்னு நெனைப்பான். அழிச்சிரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான், "அழிக்காத புள்ள" என்றேன். அவன் போனைக் கையில் வாங்கி, அவள் முன்னாலேயே அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். பெற்ற பிள்ளையைச் சட்டை சரியில்லை என்று வாசலில் நிறுத்துவானா ஒருவன்? அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

கடைசியில் ஒரு வழியாக இந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. எந்த ஸ்டூடியோவிலிருந்தோ கைமாறி வந்தது. மாஸ்டரே வந்து பார்த்து, இதை வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு தலையசைப்புக்குத்தான் இத்தனை காலம். சுவிட்சைப் போட்டால் வண்டுக்கூட்டம் பறக்கிற மாதிரி ஓர் இரைச்சல். எங்கள் சந்தில் யார் வீட்டு வயருக்கும் எர்த் கிடையாது. எல்லோரும் ஒரே கம்பத்திலிருந்து பிரித்து இழுத்திருக்கிறோம், மெஷின், மிக்ஸி, டிவி எல்லாவற்றின் முனகலும் அந்தப் பெட்டிக்குள் வந்து இறங்கிவிட்டது. சாதாரணப் பெட்டியாக இருந்தால் இதைக் காட்டியிருக்காதாம், நல்ல பெட்டி என்பதால் எல்லாவற்றையும் காட்டுகிறதாம். அதிலே அவனுக்கு ஒரு பெருமை வேறு. வயர்மேனைக் கூப்பிட்டு, என் வாசல்படிக்குப் பக்கத்தில் சிமெண்டை உடைத்து, கம்பி இறக்கி எர்த் போட்டார்கள். இரைச்சல் நின்றது. அந்த வெள்ளிக்கிழமை அவன் வாசித்தபோது நான் படியிலேயே உட்கார்ந்து கேட்டேன். பொய் சொல்லக்கூடாது. அவன் சொன்னது உண்மைதான். வெந்து வந்தது. 'சயான் பாலம்' அப்படி ஒரு சத்தத்தில் நான் கேட்டதே இல்லை.

கம்ப்யூட்டரில் பிடித்தாயா என்று கேட்டேன். இல்லை, சும்மா வாசித்துப் பார்த்தேன் என்றான். மாஸ்டருக்குப் போனில் வாசித்துக் காட்டினானாம். வால்வு புதுசு, கம்பெனி போட்டுக் கொடுத்தது, கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறது, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பழைய காலத்து வால்வு வைத்திருக்கிறார், அதை வாங்கித் தருகிறேன், அதைப் போட்டுவிட்டு ஆரம்பி என்று மாஸ்டர் சொன்னாராம். நான் படியிலிருந்து எழுந்தேன்.

"ஏ தம்பி, கம்ப்யூட்டர் இருக்கு, பெட்டி இருக்கு, எர்த்து போட்டாச்சு, கையில வெரலு இருக்கு. இன்னும் யாரு தலையாட்டணும்?" என்று கேட்டேன்.

"மாஸ்டர் சொல்லுதாவ மதினி. வால்வு வந்துரட்டும். இத்தன நாள் பொறுத்தாச்சு."

"பாட்டு ஒன்னோடதா, மாஸ்டரோடதா?"

அதற்கு அவன் குமிழ்களைத் துணியால் துடைத்தான். ஒருத்தன் பயந்தால் பயம் என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லலாம். இவன் பயத்துக்குத் தரம் என்று பெயர் வைத்துக்கொண்டான். வாழ்நாள் முழுக்க இன்னொருத்தர் பாட்டுக்குப் பின்னால் நின்றவன், தன் பாட்டை முன்னால் நிறுத்தி, இதுதான் நான் என்று சொல்கிற நேரம் வந்ததும், பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஒளிய இடம் கொடுத்தவர் மாஸ்டர். மழைக்காலம் வந்தது. காய்ச்சல் என்று படுத்தான், நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வால்வு வந்ததா என்று அங்கேயும் கேட்டான். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். டோலக் அழுதது. பாஸ் அழுதது. இப்படி ஒரு கை பம்பாயிலேயே கிடையாது என்றார்கள். மாஸ்டர் அவனுக்கு அஞ்சலியாகச் சயானில் ஹால் பிடித்து ஒரு கச்சேரி நடத்தலாம் என்று சொன்னார். என்னென்ன பாட்டு என்று பேச்சு வந்தது. ஆளாளுக்கு சினிமாப் பாட்டாகச் சொன்னார்கள். நான் இலையெடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, அவன் பாட்டு எதுவும் கிடையாதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கங்கே ஒரு துண்டு தெரியும், முழுசாக யாருக்கும் வராது என்றார்கள். கம்ப்யூட்டரில் இருக்குமே என்று ஒருவன் கேட்டான். மகள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. காற்றில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறான். செத்த அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பதினாறாம் நாள்தான் கோபம் வந்தது, அது இன்னும் இறங்கவில்லை.

அதற்கப்புறம் சில நாள் கழித்து மாஸ்டர் தனியாக வந்தார். படியேறி வரும்போதே மூச்சு வாங்கியது. அவருக்கும் வயசாகிவிட்டது. பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு சுற்றி இரண்டு வால்வு. நேற்றுத்தான் கிடைத்தது என்றார். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இதை அவன் வாயில் போட்ட அரிசியோடு சேர்த்துப் போட்டிருக்கலாம் மாஸ்டர் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிற மனுஷனை மேலும் திட்ட எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் திட்டினால் பாட்டு வந்துவிடுமா?

அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். பால் பொங்குவதற்குள் 'தண்ணி வார நேரம்' என் வாயில் வந்துவிட்டது. கோபத்தில் சத்தமாகவே வந்தது. டம்ளரோடு திரும்பினால் மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, அது கிட்டார் போட்டதுதானே? உங்களுக்கு முழுசும் தெரியுமா?"

"எல்லாப் பாட்டும் தெரியும்."

அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். உடனே பேச ஆரம்பித்துவிட்டார். நீங்கள் பாடுங்கள், நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன், பையன்கள் வாசிப்பார்கள், கச்சேரியில் அவன் பாட்டே போடலாம் என்றார். அதுவரை சரி. பிறகு சொன்னார்: "அடுத்த வாரம் செம்பூருக்கு வந்துடுங்கோ. நல்ல மைக் ஒண்ணு சொல்லி வைக்கறேன். இந்த வால்வை அந்தப் பெட்டியில மாத்தி எடுத்துண்டு போயிடறேன், உங்க குரலுக்கு அது ரொம்ப நன்னா..."

"மாஸ்டர்" என்றேன். அவர் நிறுத்தினார். "உங்க போன எடுங்க."

"இங்கேயா? கீழே மெஷின் ஓடறதே. எனக்கே நீங்க பேசறது சரியாக் கேக்கலை."

"ஓடட்டும். எனக்கு எழுவது தாண்டியாச்சு, உங்களுக்கும் தாண்டியாச்சு. எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார். சிவப்புப் புள்ளி வந்ததும் நான் நேரே உட்கார்ந்தேன். நான் பாட்டுக்காரி இல்லை. தொண்டை கரகரப்பு. கீழே தகரம் அதிர்ந்துகொண்டே இருந்தது, யாரோ நூல் கேட்டு ஹிந்தியில் கத்தினார்கள், சந்தில் ஒரு பைக் போயிற்று. எல்லாவற்றின் மேலேயும் பாடினேன். குழாய் இருமியது. சொட்டியது. பாய்கிற இடத்துக்கு முன்னால் அவன் ஒரு சுற்று சுற்றுவான், இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்து. அந்த இடம் எனக்கு வரவில்லை. எத்தனையோ தடவை கேட்ட இடம். வாயைத் திறந்தால் வெறும் மூச்சுதான் வந்தது. நான் நிற்கவில்லை. தெரிந்த மாதிரி எதையோ போட்டு நிரப்பிக்கொண்டு போய்ப் பாய்ச்சலைப் பிடித்து முடித்தேன்.

மாஸ்டர் போனைக் கையில் எடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"நடுவுல அந்த ஒரு எடம் மட்டும் சரியா வரலை அம்மா. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்கு வேணும்னா இன்னொரு தரம் எடுத்துக்கலாமே?"

"அது போனது போனதுதான். அழிச்சிராதிய" என்றேன். "அடுத்த பாட்டப் பிடிங்க."